தினமும் 300 தடவை குதித்தும் உயரம் ஏறவில்லையே!

கேள்வி: சார், எனக்கு 20 வயது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வீடு, கல்லூரியில் இரண்டாம் வருடம். உயரம் 178 செ.மீ., எடை 64 கிலோ. ஊர் டீமில் வாலிபால் அட்டாக்கர். வலது கை. மூன்று மாதமாக ஒரு வீடியோவைப் பார்த்து, ஞாயிறு தவிர தினமும் 300 ஜம்ப் அடிக்கிறேன், காலில் மணல் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறேன். முதல் மாதம் ஜம்ப்பின் உயரம் கொஞ்சம் ஏறியது, இப்போது ஏறினதும் இறங்கிவிட்டது, முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி வேறு. எங்கள் மாஷ் (கோச்) 5 கிலோமீட்டர் ஓடவிட்டுத்தான் பந்தைத் தொடவே விடுவார். வெயிட் தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்கிறார் அப்பா. பொள்ளாச்சி ஜிம்மில் ஒரு அண்ணன், சோற்றை விடு, கிரியேட்டின் எடு என்கிறார். மாசியில் டோர்னமெண்ட், இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

தம்பி, முதலில் அந்த 300-ஐ நிறுத்துங்கள். இன்றைக்கே. கணக்கைப் பாருங்கள், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 1,800 ஜம்ப். புதிதாக ஜம்ப் பயிற்சி தொடங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 80-லிருந்து 100 தடவை தரையிறங்கினால் போதும், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான், நடுவில் ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு என்பதுதான் பயிற்சியாளர்கள் வழக்கமாகக் கொடுக்கும் அளவு. நீங்கள் அதைப்போல ஏழெட்டு மடங்கு செய்திருக்கிறீர்கள். சாயங்காலம் மேட்சில் குதிப்பதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

"அவ்வளவு உழைத்தும் ஏன் இறங்குகிறது" என்றுதானே தோன்றுகிறது? நீங்கள் உழைத்தது நிஜம், உழைத்தது வேறு ஒன்றுக்கு. மூன்று மாதமாக உங்கள் கால் கற்றுக்கொண்டது, அரைகுறை உயரத்தில் 300 தடவை குதித்துத் தாக்குப்பிடிப்பதை. உங்களுக்கு வேண்டியதோ ஒரே ஒரு தடவை, முழு உயரத்தில்.

தசையில் மெதுவான நார், வேகமான நார் என்று இரண்டு பெரிய வகை உண்டு. வேகமான நார்தான் வெடிப்பு மாதிரி பலம் கொடுக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். நரம்பு இவற்றை ஒரு வரிசையில்தான் கூப்பிடும்: முதலில் சின்ன அலகுகள் (ஒரு நரம்பும் அது இயக்கும் நார்க்கூட்டமும் சேர்ந்தது ஒரு அலகு), தேவை கூடக்கூடத்தான் பெரியவை. எல்வுட் ஹென்னமன் என்ற நரம்பியல் அறிஞர் 1950-60களில் காட்டியது இது. பெரிய வேகமான அலகுகள் எழுந்து வர வேண்டுமானால் ஒன்று பாரம் அதிகமாக இருக்க வேண்டும், இல்லை நீங்கள் முழு வேகத்தில் உதைக்க வேண்டும். மூச்சு வாங்க, எண்ணிக்கையை முடித்தால் போதும் என்று குதிக்கும் 200-வது ஜம்ப்பில் இரண்டுமே கிடையாது.

அதோடு எரிபொருள் விஷயம். ஒரு முழு வீச்சு உதைக்கு, தசையில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்போகிரியேட்டின் சேமிப்பில் இருந்துதான் சட்டென்று சக்தி வருகிறது. தொடர்ந்து முழு வேகத்தில் போனால் பத்து நொடி வாக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அரை நிமிடம் உட்கார்ந்தால் பாதி திரும்பும், கிட்டத்தட்ட முழுசாகத் திரும்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். அதனால்தான் நல்ல ஜம்ப் பயிற்சியை வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தெரியும். நாலு ஜம்ப், இரண்டு மூன்று நிமிடம் சும்மா நடப்பது, மறுபடி நாலு. வியர்வை கொட்டவில்லையே, இது என்ன பயிற்சி என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார். கேட்கட்டும்.

ஒரு அளவுகோல் சொல்கிறேன், காசு செலவில்லை. சுவரோரம் நின்று விரலில் சுண்ணாம்புப் பொடி தொட்டுக் கையை உயர்த்தி ஒரு குறி, பிறகு குதித்து ஒரு குறி. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் ஜம்ப். பயிற்சி நாளில் வார்ம்-அப் முடிந்ததும் மூன்று தடவை பாருங்கள், அதில் நல்லது அன்றைய கணக்கு. பயிற்சி நடுவில் குறி இரண்டு மூன்று செ.மீ. இறங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மிச்சம் எத்தனை பாக்கி இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம். தொடக்கத்திலேயே போன வாரத்தைவிட இறங்கியிருந்தால் இன்னும் ஓய்வு பத்தவில்லை என்று அர்த்தம்.

இப்போது முழங்கால். சிப்பிக்குக் கீழே, விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் வலி, குதித்தால் கூடுகிறது என்றால் பெரும்பாலும் அது அங்கே இருக்கிற தசைநாணின் பிரச்சினை. குதிக்கிற ஆட்டக்காரர்களுக்கு, முக்கியமாக வாலிபால் ஆடுகிறவர்களுக்கு, நிறைய வருவது. தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைப்பது, கவண் ரப்பர் மாதிரி. இழுபட்டு விடுபடும்போது அது திருப்பித் தரும் விசையில்தான் உங்கள் ஜம்ப்பின் ஒரு பங்கு இருக்கிறது. தசை சில வாரத்தில் பலமாகும், தசைநாணுக்கு மாதக்கணக்கில் வேண்டும். இந்த இடைவெளியில்தான் இருபது வயதுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். நம்ம பாலக்காட்டு நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கர், 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் வெள்ளி வாங்கியவர், 2023-ல் 8.41 மீட்டர் தாண்டியவர், 2024 ஏப்ரலில் பயிற்சியில் முழங்கால் காயப்பட்டு அறுவை சிகிச்சை வரை போய் பாரிஸ் ஒலிம்பிக்கையே விட வேண்டி வந்தது. அது பெரிய காயம், உங்களுடையது அப்படி என்று பயமுறுத்தவில்லை. அவ்வளவு கவனமாகப் பயிற்சி எடுக்கிறவருக்கே முழங்கால் காலை வாரும் என்றால், வலியோடு தினமும் 300 என்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று பாருங்கள்.

அதற்காகக் கட்டிலில் படுத்துவிட வேண்டாம். முழு ஓய்வு கொடுத்தால் வலி போகும், விளையாடப் போனதும் திரும்ப வரும், ஏனென்றால் தசைநாண் பலமாகவில்லை. அதற்குத் தேவை மெதுவான, கனமான வேலை. முதல் மூன்று வாரம் ஜம்ப் பயிற்சி கிடையாது, மேட்சிலும் செட்டரிடம் (பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) சொல்லிப் பந்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பின்வரிசையில் நின்று ரிசீவ், அதாவது எதிரணி அனுப்பும் பந்தை எடுப்பது, பழகுங்கள் (அதுவும் உங்களுக்குத் தேவைதான் என்று நினைக்கிறேன், ஊர் அட்டாக்கர் யாருக்குமே ரிசீவ் ஒழுங்காக வராது). வீட்டுத் தோட்டத்தில் தென்னை இருக்குமே, அதில் ஒரு அகலமான, பலமான பெல்ட்டை வளையமாகக் கட்டி, மரத்தைப் பார்த்து வளையத்துக்குள் நின்று, பெல்ட்டை இரண்டு முழங்காலுக்கும் பின்பக்கம் கொடுத்து, கெண்டைக்கால் நேராக நிற்க, பின்னால் சாய்ந்து பாதி உட்கார்ந்த நிலையில் 45 நொடி அசையாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. மொத்தம் ஐந்து தடவை, தினமும் செய்யலாம். தொடை எரியும், எரியட்டும்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை படியிறங்கும்போது முந்தின நாளைவிட அதிகமில்லை என்றால் அதே அளவில் தொடரலாம். கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, 'டப்' என்று சத்தம் கேட்டு அதற்குப் பிறகு காலை நீட்டவே முடியாமல் போனாலோ, இதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

அப்பா சொன்னதுக்கு வருவோம். அவர் சொல்வதில் கால் பங்கு நியாயம் இருக்கிறது. ஜிம்மில் ஒரு மணி நேரம் மெதுவாக, கை கால் நடுங்கும்வரை தூக்கி, உடம்பை மட்டும் ஏற்றி, குதிப்பதையும் ஓடுவதையும் விட்டுவிட்டால் வேகம் குறையத்தான் செய்யும். ஆனால் வெயிட்டே ஆகாது என்பது தப்பு. பளுதூக்கும் வீரர்கள் நின்ற இடத்திலிருந்து குதிப்பதை ஒரு தடவை அவருக்குக் காட்டுங்கள், அப்புறம் பேச மாட்டார்.

உங்கள் காலில் இருக்கும் முழு பலமும் வெளியே வர சுமார் 0.3 நொடியோ அதற்கு மேலோ ஆகும். ஓட்டக்காரரின் பாதம் தரையில் இருப்பது 0.1 நொடி வாக்கில்தான், நீளம் தாண்டுகிறவர் பலகையை உதைப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஸ்பைக்குக்கு, அதாவது எழும்பிப் பந்தை அடிக்க, இரண்டு காலில் எழும்புவதால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், ஆனாலும் இருக்கிற பலத்தையெல்லாம் எடுக்க அது பத்தாது. ஆகவே வேலை இரண்டு: மொத்த பலத்தைக் கூட்டுவது, அதைச் சீக்கிரம் எடுக்கப் பழகுவது. 178 செ.மீ. உயரத்துக்கு 64 கிலோ என்றால் ஒல்லிதான், உங்களுக்கு முதல் வேலையிலேயே நிறைய லாபம் பாக்கி இருக்கிறது.

வாரத்தில் இரண்டு நாள் பொள்ளாச்சி ஜிம் போதும். ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பில் குனிந்து ராடைத் தூக்குவது), ஒற்றைக்கால் ஸ்குவாட் ஏதாவது ஒன்று, நின்றபடி குதிகால் தூக்குவது. இவ்வளவுதான், கண்ணாடிக்கு முன்னால் நின்று கைக்குச் செய்கிற வேலையெல்லாம் உங்கள் இஷ்டம். முதல் நாலு வாரம் இறங்க மூன்று நொடி, ஏற மூன்று நொடி என்று மெதுவாக, ஆறிலிருந்து எட்டு தடவை, மூன்று செட். வெறும் ராடில், 20 கிலோவில் தொடங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். ஐந்தாவது வாரத்திலிருந்து பாரம் கூடட்டும், எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தாகக் குறையட்டும், இறங்குவது நிதானமாக, ஏறுவது மட்டும் முடிந்த வேகத்தில். பாரம் கனமாக இருப்பதால் ராட் மெதுவாகத்தான் நகரும், அது பரவாயில்லை, வேகமாக உதைக்க வேண்டும் என்ற உங்கள் முயற்சிக்கே நரம்பு பழகும். செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு தூக்கலாம் என்று இருக்க வேண்டும், அதற்கு மேல் போகாதீர்கள். பத்து வாரத்தில் உங்கள் எடை அளவுக்கு ராடில் ஏற்றி ஐந்து தடவை சுத்தமாக உட்கார்ந்து எழுந்தால் எனக்குத் திருப்தி.

நாலாவது வாரம், முழங்கால் ஒத்துழைத்தால், ஜம்ப். வாரத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு 40-50 போதும், பிறகு மெல்ல 80 வரை போகலாம். சிமெண்ட் தரை வேண்டாம், மண் கோர்ட்டிலேயே செய்யுங்கள். ஒவ்வொன்றும் மேட்ச் பாயிண்ட் மாதிரி முழு உயரத்தில். சத்தமில்லாமல் இறங்கப் பழகுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கக் கூடாது. மேலிருந்து கீழே குதித்து உடனே எழும்புகிற பயிற்சி உங்கள் வீடியோவில் கட்டாயம் இருக்குமே, அது 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி கொண்டுவந்தது, வருஷக்கணக்கில் தூக்கியும் குதித்தும் பழகிய உயர்மட்ட வீரர்களுக்காக. அதை மதில் மேலிருந்து செய்கிறார்கள் பையன்கள்! இந்த சீசனில் உங்களுக்கு அது வேண்டாம். அடுத்த வருடம் 30 செ.மீ. பலகையில் தொடங்கலாம்.

மணல் பட்டையும் வேண்டாம். கணுக்காலில் எடை தொங்கினால் கால் வீசும் விதமே மாறுகிறது, முழங்காலுக்கும் பளு. ஓட்டத்துக்குப் பாரம் வேண்டுமென்றால் ஒரு சின்ன மேட்டில் 20 மீட்டர் முழு வேகம், இறங்கி நடந்து வந்து மறுபடி, ஆறு எட்டு தடவை.

இப்போது காசே செலவில்லாமல் உயரம் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறேன், யாரும் கவனிக்காத இடம். உங்கள் அப்ரோச், அதாவது அடிக்க எழும்புவதற்கு முன் ஓடி வரும் எட்டுகள். வலது கைக்காரர் என்பதால் இடது, வலது, இடது என்று வருவீர்கள். அந்த நடுவில் வரும் வலது கால் எட்டு நீளமாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும், அப்போது இரண்டு கையும் பின்னால் முழுசாகப் போயிருக்க வேண்டும், அடுத்த இடது கால் சட்டென்று பக்கத்தில் வந்து விழ வேண்டும். ஊர் கோர்ட்டுகளில் நான் பார்ப்பது நேர்மாறு: கடைசி எட்டுகள் குட்டைகுட்டையாக, கை இடுப்போடு, கீழே உட்கார்ந்து ஒரு நொடி நின்றுவிட்டு எழும்புவது. நின்றால் இழுபட்ட தசைநாணில் சேர்ந்த விசை வீண். இரண்டு கையையும் ஒழுங்காக வீசினாலே ஜம்ப்பில் பத்து சதவீத வாக்கில் வித்தியாசம் வரும். போனைக் கம்பத்தில் சாய்த்து வைத்துப் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள்.

'காற்றில் நின்று அடிப்பான்' என்று பெரியவர்கள் ஜிம்மி ஜார்ஜைப் பற்றிச் சொல்லி உங்களைக் கிண்டல் செய்வார்கள். கண்ணூர்ப் பக்கம் பேராவூர்க்காரர், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இருந்தவர், இத்தாலியில் போய் ஆடியவர். காற்றில் யாராலும் நிற்க முடியாது தம்பி, 80 செ.மீ. குதித்தால் ஏறி இறங்க மொத்தம் 0.8 நொடிதான். சரியான நேரத்தில் எழும்பி உச்சியில் அடித்தால் நின்ற மாதிரி தெரியும். 2.43 மீட்டர் நெட்டுக்கு மேல் அந்த உச்சியில் பந்து இருக்கிறதா என்பதுதான் பாதி ஆட்டம்.

மாஷ் விஷயம்தான் சிக்கலானது. ஓடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், நாள் முழுக்க டோர்னமெண்ட் ஆட ஓரளவு தம் வேண்டும்தான். ஆனால் வாலிபாலில் பெரும்பாலான ராலி பத்து நொடிக்குள் முடிகிறது, 5 கிலோமீட்டர் ஓடிக் களைத்த காலில் ஜம்ப் பழகுவது, நான் மேலே சொன்ன 300-ன் கதையேதான். அவரிடம் போய் வாதாடாதீர்கள், யாரோ எழுதியிருக்கிறார் என்றும் சொல்லாதீர்கள், அது இன்னும் கெடுக்கும். ஒரு நாள் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு போய், "மாஷே, ஓடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஓடிவிட்டு ஒரு தடவை எங்க எல்லாரையும் அளந்து பாருங்க" என்று அவர் கையிலேயே டேப்பைக் கொடுங்கள். பத்துப் பையன்களின் குறியும் கண் முன்னால் கீழே இறங்கினால் ஓட்டத்தைக் கடைசிக்கோ வேறு நாளைக்கோ தள்ள அவருக்கே தோன்றும். அப்படியும் மாறாவிட்டால் ஓடும் நாட்களை லேசான நாளாக வைத்துக்கொண்டு, உங்கள் ஜம்ப்பை அவர் வராத நாளில் செய்யுங்கள். தினம் திட்டு வாங்குவதைவிட அது மேல்.

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்குமே, அந்த நேரம் உடம்பு சூடேற நேரமாகும், வார்ம்-அப்பை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். குதிப்பதற்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் காலை நீட்டிப் பிடித்தபடி இருப்பதைத் தவிர்க்கவும், வெடிப்புக் கொஞ்சம் மழுங்கும், அதை முடிவில் செய்யலாம். மாசி நெருங்கினால் வெயில் ஆரம்பித்துவிடும், பயிற்சியை ஐந்தரை மணிக்கு மேல் தள்ளுங்கள்.

சாப்பாடு: சோற்றை விடாதீர்கள். இந்த மாதிரிப் பயிற்சிக்கு மாவுச்சத்து வேண்டும், ஒல்லியான உங்களுக்கு இரட்டிப்பாக வேண்டும். கூட்ட வேண்டியது புரதம். எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் உங்களுக்கு சுமார் 100 கிராம். நாலு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, கைப்பிடி நிலக்கடலையில் 7 அல்லது 8, புட்டோடு கடலையோ பயறோ, மத்தியானம் மத்தி மீன், வந்துவிடும். பவுடர் டப்பா வாங்க வேண்டிய அவசியமில்லை.

கிரியேட்டின் பற்றி ஜிம் அண்ணன் சொன்னது தப்பில்லை, நன்றாக ஆராயப்பட்ட பொருள்தான். மோனோஹைட்ரேட் என்ற வகை, தினம் 3-லிருந்து 5 கிராம். தண்ணீர் பிடித்து ஒரு கிலோ ஏறலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கூடாது, ரத்தப் பரிசோதனைக்குப் போனால் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் 'கிரியேட்டினின்' என்ற கழிவின் அளவு கூடித் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் காசை இந்த பத்து வாரம் முட்டைக்கும் மீனுக்கும் செலவழியுங்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிக்கொண்டு கிரியேட்டின் வாங்குவது எனக்குச் சிரிப்பாக வரும்.

எவ்வளவு ஏறும் என்று கேட்பீர்கள். முப்பது நாளில் பத்து அங்குலம் என்பதெல்லாம் வியாபாரம். ஜம்ப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு 2007 ஆய்வில் சராசரியாக 5-லிருந்து 9 சதவீதம் வரை ஏறியதாகத் தெரிகிறது. 55 செ.மீ. குதிக்கிறவருக்கு அது 3-லிருந்து 5 செ.மீ. அப்ரோச் சரியானால் அதற்கு மேலும் கொஞ்சம். கேட்கச் சின்னதுதான், ஆனால் பந்து பிளாக் செய்பவரின் விரல் நுனியில் பட்டுப் போவதும் அதைத் தாண்டிப் போவதும் அந்த 3 செ.மீ.யில்தான் இருக்கிறது.

டோர்னமெண்டுக்கு முந்தின இரண்டு வாரம் எல்லா எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள், வேகத்தையும் பாரத்தையும் மட்டும் குறைக்காதீர்கள். கடைசி மூன்று நாள் ஜிம் வேண்டாம். பயத்தில் இன்னும் கொஞ்சம் செய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும், அப்போது ரிசீவ் பழகுங்கள். நாலாவது வாரம் முடிந்ததும் சுவர்க் குறியின் அளவையும் காலையில் வரும் வலியின் மார்க்கையும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்து மிச்ச வாரங்களை மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டினால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காலைக் காட்டிவிடுங்கள்.